சராசரியைப் போட்டால் கப்பல் வரிசை தெரியாது

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன், ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை. எங்கள் ஏற்றுமதி பெர்த்துக்கு (கப்பல் நின்று சரக்கு ஏற்றும் இடம்) சராசரியாக 30 மணி நேரத்துக்கு ஒரு கப்பல் வருகிறது. சரக்கு ஏற்ற 24 மணி நேரம். எக்செலில் போட்டால் ஒரு கப்பலும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வெளியே நங்கூரத்தில் மூன்று கப்பல் நிற்கிறதே?

பதில்: நீங்கள் எக்செலுக்குக் கொடுத்தது சராசரியை மட்டும். கப்பல்கள் அப்படி வருவதில்லை. இன்று இரண்டு சேர்ந்து வரும். பிறகு இரண்டு நாள் ஒன்றும் வராது. பெர்த் சும்மா கிடந்த நேரத்தைச் சேர்த்துவைத்து நாளைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. வரிசை உண்டாவது இதனால்தான்.

உங்கள் பெர்த் 80 சதவீத நேரம் வேலை செய்கிறது. வருகை, ஏற்றும் நேரம் இரண்டுமே எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் (பெரும்பாலும் குறுகிய நேரம், எப்போதாவது மிக நீண்ட நேரம்) இருந்தால், ஒரு கப்பல் சராசரியாக 96 மணி நேரம் காத்திருக்கும். அதாவது எப்போது பார்த்தாலும் சராசரியாக மூன்று கப்பல் வெளியே. ஏற்றும் நேரம் மாறாமல் 24 மணியாகவே இருந்தால் காத்திருப்பு பாதியாகி 48 மணி ஆகும். இன்னொன்றையும் பாருங்கள்: முதல் கணக்கிலேயே சராசரி ஏற்றும் நேரத்தை 21 மணியாகக் குறைத்தால் காத்திருப்பு 49 மணிக்கு இறங்கிவிடும். ஏற்றுவதில் மிச்சம் மூன்று மணி, நங்கூரத்தில் மிச்சம் ஏறக்குறைய இரண்டு நாள். டெமரேஜ் (கப்பல் தாமதக் கட்டணம்) பேச உட்காரும்போது இந்தக் கணக்கு கையில் இருக்கட்டும்.

இந்த வரிசையை எக்செலிலேயே ஓட்டிப் பார்க்கலாம். ராண்ட் (RAND, 0-க்கும் 1-க்கும் இடையே ஏதோ ஓர் எண்ணைத் தரும் சூத்திரம்) தரும் எண்ணின் இயல்மடக்கையை (LN) மைனஸ் 30-ஆல் பெருக்குங்கள். அடுத்த கப்பல் வரும் இடைவெளி கிடைக்கும். ஏற்றும் நேரத்துக்குச் சூத்திரம் வேண்டாம், உங்கள் பழைய பதிவேட்டிலிருந்தே குலுக்கி எடுங்கள். கப்பல் வந்த நேரம், முந்தைய கப்பல் கிளம்பிய நேரம், இவற்றில் எது பிந்தியதோ அதுதான் பெர்த்தில் கட்டும் நேரம். அவ்வளவுதான் மாடல்.

ஒன்றை மட்டும் பலர் விட்டுவிடுகிறார்கள். சரக்கு ஏற ஏறக் கப்பல் தண்ணீரில் தாழும். கால்வாயில் ஆழம் போதாவிட்டால், ஏற்றி முடித்த கப்பல் அடுத்த கடலேற்றத்துக்காக, சில சமயம் பன்னிரண்டு மணி நேரம்கூட, பெர்த்திலேயே நிற்கும். அதனால் கயிறு கட்டியதிலிருந்து அவிழ்க்கும்வரை எண்ணுங்கள். உங்கள் 24 மணியில் அது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஓர் ஆண்டுக்கு 290 கப்பல்தான் வரும். ஒரே ஓட்டத்தை நம்பாதீர்கள், விடை தாறுமாறாக மாறும். தொடக்கத்தில் பெர்த் காலியாக இருப்பதால் முதல் நூறு கப்பலைத் தள்ளிவிட்டு, பல ஆண்டுகளுக்கு ஓட்டிச் சராசரி எடுங்கள். பிறகு போன வருஷப் பதிவேட்டுடன் ஒத்துப்பாருங்கள்.