பழ ஈயின் எக்ஸும் ஒய்யும்: கேள்வி பதில்

சார், பழ ஈயிலும் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அப்படியானால் மனிதரைப் போல ஆணைத் தீர்மானிப்பது ஒய்தானே?

இல்லை. ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள, ஒய்யே இல்லாத மெலனோகாஸ்டரும் (ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் பழ ஈ இனம்) ஆண்தான், மலடு, அவ்வளவுதான். மரபியலாளர் கால்வின் பிரிட்ஜஸ் 1916இலேயே காட்டிவிட்டார். மனிதக் கணக்கை ஈயின் மேல் போடாதீர்கள்.

ஈக்களுக்கிடையே ஒய்யில் மரபு வேறுபாடு ஏன் இவ்வளவு குறைவு?

ஆண் மெலனோகாஸ்டரில் குறுக்கேற்றம், அதாவது ஜோடிக் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வது, நடப்பதில்லை. ஒய்யோ ஆணிடம் மட்டுமே இருப்பது. அதனால் முழு ஒய்யும் ஒரே துண்டாகப் போகிறது: ஓரிடத்தில் கெட்ட மாற்றம் வந்து அது ஒழிந்தால், கூட இருப்பதும் ஒழியும். வேறுபாடு குறைவானாலும், ஒய்யை மட்டும் மாற்றிவைத்தால் மற்ற குரோமோசோம்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் வெளிப்பாடு மாறுகிறது என்று 2008இல் ஓர் ஆய்வு வந்தது.

ஐயா, எக்ஸில் வேறுபாடு குறைந்தால் ‘இயற்கைத் தேர்வு’ என்று ப்ராஜெக்டில் எழுதலாமா?

முக்கால் கணக்கு போட்டீர்களா? ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்தால் மற்ற குரோமோசோம் ஒவ்வொன்றுக்கும் 4 பிரதி, எக்ஸுக்கு 3. ஆகவே எக்ஸில் வேறுபாடு மற்ற குரோமோசோம்களில் உள்ளதில் முக்கால் பங்காக இருப்பதே இயல்பு. சில ஆண்களே பெரும்பாலான குஞ்சுகளுக்குத் தகப்பனானால் இந்த விகிதம் ஏறும், 9/8 வரைகூட. ஆப்பிரிக்க ஈக்களில் அது முக்காலுக்கு மேல், ஐரோப்பிய ஈக்களில் முக்காலுக்கும் கீழே. சுவையான இடம் அதுதான்.

ஐரோப்பியக் குளிருக்குத் தேர்வு நடந்ததால்தானே?

அவசரம் வேண்டாம். ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறிய கூட்டம் சிறியது. கூட்டம் சுருங்கினால் பிரதி குறைந்த எக்ஸ்தான் முதலில் அடிவாங்கும். தேர்வே இல்லாமலும் விகிதம் விழும்.

ஆணிடம் ஒரே எக்ஸ். இன்னொரு பிரதி இருந்தால் மறைந்துகொள்ளும் ஒடுங்கு மாற்றமும் அங்கே மறைய முடியாது. தேர்வுக்கு எக்ஸ் வசதியானது இல்லையா?

நல்ல வாதம். தேர்வு நடந்திருக்கவும் கூடும். தேர்வென்றால் ஓரிடத்தைச் சுற்றி மட்டும் வேறுபாட்டில் பள்ளம் விழும், கூட்டத்தின் சுருக்கமென்றால் குரோமோசோம் முழுக்க வேறுபாடு தாழும்.

சுருக்கத்திலும் தற்செயலாகப் பள்ளங்கள் விழுமே!

விழும். அதனால்தான் மற்ற குரோமோசோம்களை வைத்துச் சுருக்கத்தின் அளவைக் கணித்துவிட்டு, அப்புறம் எக்ஸுக்கு வாருங்கள் என்கிறேன்.

பெண் குஞ்சுகளை மட்டுமே தரும் ஆண் உண்டாமே?

உண்டு, மேற்கு வட அமெரிக்காவின் சூடோஅப்ஸ்கூரா என்ற இன்னொரு பழ ஈ இனத்தில். ஒருவகை எக்ஸ், ஒய் உள்ள விந்தணுக்களைக் கெடுத்துவிடும். அந்த எக்ஸின் மரபணுக்கள் பிரியாமல் கட்டிவைத்திருப்பவை மூன்று தலைகீழ்த் திருப்பங்கள், அதாவது குரோமோசோமில் தலைகீழாகத் திரும்பிய துண்டுகள். இந்த எக்ஸ் தெற்கே நிறைய, வடக்கே போகப் போகக் குறையும்.

ஒய் இல்லாவிட்டால் பெண்தானே?

முதல் பதிலைப் பாருங்கள்.

எக்ஸில் குறைந்தால் தேர்வுதானே?

முக்கால் கணக்கு, தம்பி!