டிங்கிளில் ஒரு மதியம்தான் கிடைக்கும், எங்கே சாப்பிடலாம், என்ன வாங்கலாம்?

அயர்லாந்தின் மேற்குக் கோடியில் இருக்கும் டிங்கிளுக்குச் சுற்றுலாப் பேருந்தில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "உருளைக்கிழங்கைத் தவிர அங்கே ஒன்றும் கிடைக்காதாமே, புளிசாதம் கட்டிக்கொண்டு வரலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். நான் பக்கத்து ஊரான ட்ரலீயில் குடியிருக்கிறேன். டிங்கிளைப் பற்றி இப்படி யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

முதலில் முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். கிலார்னியிலிருந்து வரும் பேருந்துகள் மதியவாக்கில் வந்து மொத்தக் கூட்டத்தையும் கடற்கரைத் தெருவில் இறக்கிவிடும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே கடைகளில் வரிசை கட்டுவார்கள். மூன்று நான்கு மணிக்கு அவர்கள் கிளம்பிய பிறகுதான் ஊர் மீன்பிடித் துறைமுகமாகவே தெரியும். ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிவாக்கில்தான் பொழுது சாயும், அதனால் அவசரமே இல்லை.

என் அப்பா தூத்துக்குடியில் மீன் ஏலக் கூடத்தில் கணக்கெழுதியவர். அவர் இங்கே வந்திருந்தபோது டிங்கிளுக்குக் கூட்டிப்போனேன். கடைத்தெரு எதையும் பார்க்காமல் நேராகப் படகுத்துறைக்கு நடந்துவிட்டார். நண்டும், டப்ளின் பே இறால் என்று இங்கே சொல்லும் நீளக் கொடுக்கு இறாலும் குளிர்பதன லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. எங்கே போகிறது என்று விசாரிக்கச் சொன்னார். ஸ்பெயினுக்கு என்றார்கள். "நம்ம ஊர் மாதிரியேதான், நல்ல சரக்கெல்லாம் வெளிநாட்டுக்கு" என்றார்.

அப்புறம் துறையை ஒட்டிய ஒரு சின்ன உணவகத்தில் ஹேக் மீன் வாங்கினோம். நம்மூரில் இல்லாத வெள்ளைச் சதை மீன், வெண்ணெயில் தோல் முறுகப் பொரித்துத் தருவார்கள். அப்பா சதையை முள்கரண்டியால் பிரித்துப் பார்த்துவிட்டு, "தலை எங்கே?" என்று கேட்டார். பரிமாறிய பெண்ணிடம் நான் மொழிபெயர்த்ததும், அவள் உள்ளே போய்க் கேட்டுவந்து, தலையும் முள்ளும் சௌடருக்குப் போகிறது என்றாள். சௌடர் என்பது மீனும் சிப்பியும் பாலேடும் சேர்த்துக் காய்ச்சும் கெட்டியான சூப்பு. கூடவே சோடா மாவு போட்டுச் சுட்ட பழுப்பு ரொட்டியும் வெண்ணெயும் வரும். அப்பா அதையும் வரவழைத்து, கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். மிளகாய் இல்லாத குழம்பை அவர் வாயால் பாராட்டி நான் கேட்டது அன்றுதான். உறைப்பு இல்லை, மசாலா இல்லை, அதெல்லாம் ஒரு சாப்பாடா என்று சிலர் கேட்பார்கள். மீன் அன்றைக்கு வந்ததாக இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? அதனால் எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் இன்றைக்குப் படகில் என்ன வந்தது என்று கேளுங்கள். அவுட் ஆஃப் த ப்ளூ என்ற கடை, புது மீன் வராத நாளில் திறப்பதே இல்லை என்பதற்காகப் பேர் வாங்கியது. அங்கே வறுத்த உருளைக்கிழங்கே கிடையாது என்பதைப் புளிசாதக்காரர்கள் கவனிக்க வேண்டும். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. சிக்கனமாக முடிக்க நினைத்தால் ரீல் டிங்கிள் என்ற கடையில் பொரித்த மீனை வாங்கிக்கொண்டு படகுத்துறையில் உட்காருங்கள்.

பெரும்பாலும் சமையலறைகளை இரவு ஒன்பது மணிவாக்கில் மூடிவிடுவார்கள். நம் வழக்கப்படி ஒன்பதரைக்குக் கிளம்பினால் பட்டினிதான். ஜனவரி, பிப்ரவரியில் பல இடங்கள் பூட்டியே கிடக்கும்.

பப்புக்குக் குடும்பத்தோடு போகலாமா என்று தயங்காதீர்கள். மதுவுக்கு விளம்பரம் செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், நான் குடிப்பதில்லை. தேநீர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் தருவார்கள். பெரியவர்களோடு வரும் குழந்தைகள் இரவு 9 மணிவரை இருக்கலாம், மே முதல் செப்டம்பர்வரை 10 மணி. அந்தக் காலத்து அயர்லாந்துச் சிற்றூர்களில் பப்பும் கடையும் ஒன்றாகவே இருந்தன. டிங்கிளில் அது இன்னும் மிச்சமிருக்கிறது. ஃபாக்ஸி ஜான்ஸில் ஒரு பக்கம் ஆணி, சுத்தியல், பெயின்ட், மறுபக்கம் பீர். 1899இல் தொடங்கிய டிக் மாக்ஸில் ஒரு பக்கம் தோல் வேலை, எதிரே விஸ்கி அலமாரி. அங்கே தைக்கும் தோல் பெல்ட்டைத்தான் அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

மற்றபடி, லிஸ்பெத் மல்கஹியின் கம்பளிச் சால்வைகளும், ஓகம் என்ற பழைய அயர்லாந்துக் கோட்டெழுத்தில் பெயர் பொறித்துத் தரும் ப்ரையன் டி ஸ்டாய்க் வெள்ளி நகைகளும் காசுக்குத் தகும். இந்தத் தீபகற்பத்தின் பழங்கற்களில் ஓகம் கோடுகளை நீங்களே பார்க்கலாம். டால்பின் பொம்மைகள் எங்கும் தொங்கும். 1983 முதல் 2020 வரை இந்த விரிகுடாவில் தனியாக வாழ்ந்த ஃபங்கி என்ற டால்பினின் நினைவாக அவை. இந்தியாவில் வசிப்பவர் என்றால், கடையிலேயே விற்பனை வரியைத் திரும்பப் பெறும் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

வாடகைக் காரில் வந்தால் பேருந்து நேரத்துக்கு ஓட வேண்டாம். சுற்றுலா வருகிற நீங்கள் இந்திய உரிமத்தோடு இங்கே ஓட்டலாம். இங்கேயே குடியிருக்கும் நான் அதை வைத்து ஓட்டக் கூடாது! ஜப்பான், ஆஸ்திரேலியா உரிமங்களை மாற்றிக் கொடுக்கிறார்கள், நம்முடையதை மாற்றுவதில்லை. ஊரில் ஆண்டுக்கணக்கில் லாரிக்கும் மாட்டுக்கும் நடுவில் வண்டி ஓட்டிய நான், எழுத்துத் தேர்வு எழுதி, பழகுநர் அனுமதி வாங்கி, கட்டாய வகுப்புகளுக்குப் பணம் கட்டி, தேர்வுத் தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தேன். இரவுப்பணி முடித்துக் குளிரில் பேருந்துக்கு நிற்கும், இங்கே வேலை பார்க்கிற நம்மூர் நர்ஸ்களைக் கேட்டுப் பாருங்கள், இதைவிட அதிகம் சொல்வார்கள்.

உங்களோடு பெரியவர்கள் வருவார்கள் என்று நினைக்கிறேன், சைவமாகவும் இருக்கலாம். சௌடர் மீன் சாறில் காய்ச்சியது என்பதை அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். அநேக இடங்களில் காய்கறி சூப்பும் ரொட்டியும் கிடைக்கும். மர்ஃபிஸ் ஐஸ்கிரீமுக்கு மட்டும் எல்லாரையும் கூட்டிப்போங்கள். 2000இல் இங்கே தொடங்கிய கடை. கெர்ரி இனப் பசுவின் பாலில் செய்கிறார்கள், இதே ஊர்க் கடல்நீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் ஒரு வகை உண்டு. வாங்குவதற்கு முன்பு ருசி பார்க்கக் கொடுப்பார்கள், உப்பையே முதலில் கேளுங்கள்.