கட்டட்டுமா, காத்திருக்கட்டுமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

நான், 26 வயதுப் பெண். மும்பை செம்பூரில் அப்பா, அம்மா, தம்பியோடு இருக்கிறேன். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் பி.இ. முடித்து, பவாயில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மூன்றரை வருடமாக வேலை பார்க்கிறேன். எம்.பி.ஏ. ஆசையில் இரண்டாம் முறை கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதி 97.8 பர்சன்டைல் வாங்கினேன். ஆறு இன்டர்வியூ போனேன். மூன்று கல்லூரிகள் இல்லை என்று சொல்லிவிட்டன. ஒரு ஐ.ஐ.எம்.மில் வெயிட்லிஸ்ட் 112. இன்னொன்றில் முடிவே வரவில்லை. வெளியூரில் ஒரு தனியார் கல்லூரி மட்டும் சீட் கொடுத்திருக்கிறது. முதல் தவணை நான்கு லட்சம். கடைசி நாளுக்கு இன்னும் 12 நாள்தான்.

'கையில் இருப்பதை விடாதே, கட்டிவிடு' என்கிறாள் அம்மா. 'லிஸ்ட் நகரும், பொறு' என்கிறான் தம்பி. அப்பா வாயே திறப்பதில்லை. ஆனால், போன வாரம் பேங்குக்குப் போய், எஃப்.டி.யை உடைத்தால் எவ்வளவு வரும் என்று விசாரித்தாராம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போனைப் பார்க்கிறேன். ஆபீசில் இன்னும் சொல்லவில்லை. இரண்டு மாத நோட்டீஸ் வேறு. ஒரு இன்டர்வியூவில், பிவண்டி குடோனில் இரண்டு ராத்திரி தங்கி, மழை ஈரத்தில் பார்கோடு ஸ்டிக்கர் உரிந்து போவதால்தான் எங்கள் சாஃப்ட்வேரில் சரக்குக் கணக்கு தப்புகிறது என்று நான் கண்டுபிடித்ததைச் சொன்னேன். கேட்டவர் சிரித்தார். அது நல்லதா கெட்டதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் என்ன செய்யட்டும், அம்மா?

இப்படிக்கு,
உங்கள் மகள்.

அன்பு மகளே,

நாள் நெருக்கடி என்பதால் உனக்கு மெயிலில் சுருக்கமாகப் பதில் போட்டுவிட்டேன். ஏப்ரல், மே வந்தால் இதே தவிப்போடு பலர் எழுதுகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்தச் சிரிப்பை முதலில் முடித்துவிடுவோம். மும்பையில் பல வருடம் ஒரு கம்பெனியில், ஆட்களை வேலைக்கு எடுக்கிற பர்சனல் பிரிவில் இருந்தவள் நான். கல்லூரி இன்டர்வியூக்களில் வெளியாளாகப் போய் உட்கார்ந்ததும் உண்டு. கடைசிப் பையனோ பெண்ணோ வெளியே போனதும், அன்று மாலையே மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்போம். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் கணக்கு. கேட் மதிப்பெண், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டப்படிப்பு, வேலை அனுபவம், இன்டர்வியூ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. பங்கின் அளவு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உன்னைப் பற்றி அவர்கள் நினைத்தது அன்றைக்கே தாளில் ஏறிவிட்டது. இப்போது நீ விழித்திருப்பதாலோ, அவர்களுக்கு இன்னொரு மெயில் போடுவதாலோ அதில் அரை மார்க் கூடாது, குறையாது.

வெளிநாட்டுக் கல்லூரிகளின் பதிலுக்குக் காத்திருப்பவர்களுக்கு இது அப்படியே பொருந்தாது. செப்டம்பரில் விண்ணப்பித்தால் டிசம்பரில், ஜனவரியில் விண்ணப்பித்தால் மார்ச் கடைசியில் பெரும்பாலும் பதில் வரும். அங்கே வெயிட்லிஸ்டில் வைத்தால், ஜிமேட் நுழைவுத் தேர்வில் புது மதிப்பெண், பதவி உயர்வு போன்ற சேதியை அனுப்பப் பல கல்லூரிகள் இடம் தருகின்றன. கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.

உன் 112-க்கு வருகிறேன். வெயிட்லிஸ்ட் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிற கியூ அல்ல. ஒரே பிள்ளை நாலைந்து கல்லூரிகளின் பட்டியலில் இருப்பான். அகமதாபாத், பெங்களூரு, கல்கத்தா ஐ.ஐ.எம்.களில் கிடைத்தவன் மற்ற இடங்களை விடுவான். அவன் விட்ட இடத்துக்கு அடுத்தவன் போவான். அவன் விட்டது இன்னும் கீழே வரும். பணம் கட்டக் கெடு முடிந்த பிறகுதான் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது கல்லூரிக்கே தெரியும். அதனால் கெடு முடிந்ததும் லிஸ்ட் ஒரு தாவு தாவும். பிறகு பத்து நாள் கல் மாதிரி கிடக்கும். அடுத்த கெடுவில் மறுபடி தாவும். ஜூனில் வகுப்பு தொடங்குகிற வரை இப்படித்தான். நடுவில் அசையாமல் இருந்தால் கதை முடிந்தது என்று அழ வேண்டாம். உன் எண் எந்தப் பிரிவின் எண் என்று மட்டும் பார்த்துக்கொள், பொது, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., இ.டபிள்யூ.எஸ். என்று லிஸ்ட் தனித்தனியாக ஓடும். போன வருடம் உன் பிரிவில் எந்த எண் வரை கூப்பிட்டார்கள் என்று சீனியரிடம் கேட்டால் ஓரளவு தெரியும். ஓரளவுதான். சீட் எண்ணிக்கையோ, முதல் பட்டியலில் கூப்பிட்ட எண்ணிக்கையோ மாறினால் அந்தக் கணக்கும் மாறிவிடும்.

அடுத்தது அந்த நான்கு லட்சம். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பு ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் பெற்ற கல்லூரி என்றால், வகுப்பு தொடங்குவதற்கு முன் விலகுகிற மாணவருக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் விதி. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வதற்கும் தடை இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்கு யு.ஜி.சி.யும் இதே போல விதி வைத்திருக்கிறது. ஆனால் விதி இருக்கிறது என்பதற்காகப் பணம் தானாகத் திரும்பி வந்துவிடாது. கட்டுவதற்கு முன்பே கல்லூரிக்கு மெயில் போடு: எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு திரும்பி வரும், எத்தனை நாளில் வரும். போனில் இனிமையாகச் சொல்வார்கள். நீ எழுத்தில் வாங்கு. எழுத்தில் தர மறுக்கிற கல்லூரியைப் பற்றி உனக்கு அப்போதே தெரிந்துவிடும். அசல் சான்றிதழைச் சரிபார்க்கக் காட்டலாம், விட்டுவிட்டு வராதே.

ஆனால் மகளே, பணம் திரும்பி வரும் என்பதற்காக ஒரு கல்லூரியில் சேரக் கூடாது. உன் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். எண்கள் இருக்கின்றன, தேதி இருக்கிறது, வீட்டில் ஆளுக்கு ஒன்று சொன்னது இருக்கிறது. எதற்காக எம்.பி.ஏ. என்று ஒரு வரி இல்லை. பிவண்டி வரியைத் தவிர. சாஃப்ட்வேர் எழுதுகிற பெண், ஏ.சி. அறையை விட்டுவிட்டு, மழையில் குடோனில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து, அட்டைப்பெட்டியிலிருந்து ஸ்டிக்கர் உரிவதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாய். யாரும் உன்னைப் போகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்த மனிதர் ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரிகிறது. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் எனக்கும் முகம் மலர்ந்திருக்கும். நாள் முழுக்க 'டீம் லீட் செய்தேன், இலக்கை எட்டினேன்' என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்திருக்கும்போது, ஒரு பெண் ஈரமான அட்டைப்பெட்டியைப் பற்றிப் பேசுகிறாள்!

அதனால் இந்த 12 நாளில் உனக்கு ஒரு வேலை தருகிறேன். ஐ.ஐ.எம். பதிலை ஒரு ஓரமாக வை. வரவே வராது என்று எடுத்துக்கொள். உன் குடோன், சரக்கு விஷயங்களைச் சொல்லித் தருகிற ஆபரேஷன்ஸ், சப்ளை செயின் பாடங்களை இந்தத் தனியார் கல்லூரியில் முழுநேரப் பேராசிரியர்கள் நடத்துகிறார்களா? எத்தனை பேர்? அந்தத் துறையில் வேலைக்குப் போன சீனியர்கள் இரண்டு பேரிடமாவது போனில் பேசு. கல்லூரி காட்டுகிறவர்கள் வேண்டாம், லிங்க்ட்இனில் நீயே தேடிப் பிடி. சராசரிச் சம்பளத்தைக் கேட்காதே, சம்பளத்தை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருகிற ஆளுக்கு எவ்வளவு என்று கேள். அதிகச் சம்பளம் வாங்கிய இரண்டு மூன்று பேர் சராசரியைத் தூக்கிவிடுவார்கள். இதெல்லாம் கேட்ட பிறகு 'சரி, ஐ.ஐ.எம். இல்லாவிட்டாலும் இங்கே சந்தோஷமாகப் போவேன்' என்று மனசு சொன்னால் கட்டு. 'வேறு வழியில்லாமல் போகிறேன்' என்றுதான் சொல்கிறது என்றால் கட்டாதே. வெயிட்லிஸ்ட் நகராவிட்டாலும் கட்டாதே. 26 வயதில் இன்னொரு வருடம் பவாயில் வேலை பார்த்துவிட்டு எழுதுவதில் குடி ஒன்றும் முழுகாது. பவாய் என்றதும் நினைவு வருகிறது. உன் ஆபீசுக்குப் பக்கத்தில், விகார் ஏரிப் பாதையில் 1963-ல் தொடங்கிய நிட்டி (NITIE) என்ற கல்வி நிறுவனம், 2023-ல் ஐ.ஐ.எம். மும்பை ஆனது. ஆபரேஷன்ஸும் சப்ளை செயினும்தான் அதன் பழைய பலம். இந்த முறை விண்ணப்பித்தாயா என்று நீ எழுதவில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பாய். 1988 மே மாதம், மாட்டுங்காவில் மூன்றாம் மாடி பால்கனியில் நானும் இப்படித்தான் நின்றேன். தபால்காரர் பதினொன்றரைக்கு வருவார். வெயிலில் கம்பி சுடும். அதைப் பிடித்தபடியே நிற்பேன். உள்ளங்கையில் துரு ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒன்றும் இல்லை என்றால், நான் வீணாக இறங்கி வர வேண்டாம் என்று அந்த நல்ல மனிதர் தெருவிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போவார். ஒருநாள் கையை ஆட்டாமல் படியேறி வந்தார். எனக்கு நெஞ்சு அடைத்தது. பாட்டிக்கு வந்த மணியார்டர். நான் காத்திருந்த கடிதம் ஜூன் 20-ஆம் தேதி வந்தது. சீட் உண்டு, 15-ஆம் தேதிக்குள் பணம் கட்டவும் என்று எழுதியிருந்தது. நேரில் போய்க் கேட்டதற்கு, நாங்கள் தபாலில் சேர்த்துவிட்டோம், அவ்வளவுதான் என்றார்கள். பிறகு வேலையில் சேர்ந்து, மாலை வகுப்பில் படித்தேன். அந்தக் கல்லூரி போனது இப்போது வலிக்கவில்லை. அந்த ஆறு வாரம் வலிக்கிறது. கும்பகோணத்தில் பெரியப்பா மகள் கல்யாணம். எல்லோரும் போனார்கள், தபால் வந்துவிடுமே என்று நான் மட்டும் போகவில்லை. அவளை மணக்கோலத்தில் நான் பார்க்கவே இல்லை.

உனக்கு மெயிலும் எஸ்.எம்.எஸ்.ஸும் வரும், பால்கனியில் நிற்கத் தேவையில்லை. சாயங்காலம் ஆறரைக்கு ஒரு தடவை, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார். அம்மா தினம் துருவுவது உன் முகத்தைப் பார்த்துப் பயந்துதான். வெயிட்லிஸ்ட் நிலவரம் பேசுகிற டெலிகிராம் குரூப் எதிலாவது இருந்தால் வெளியே வா. ஸ்க்ரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் திருத்திப் போடலாம். லிஸ்டில் ஏற்றிவிடுகிறேன், இவ்வளவு கொடு என்று யாராவது போன் செய்தால் துண்டித்துவிடு. ஐ.ஐ.எம்.களில் மேனேஜ்மென்ட் கோட்டா என்று ஒன்று கிடையவே கிடையாது.

வேலையை இப்போதே விட வேண்டாம். ஆனால் கணக்குப் போடு: இரண்டு மாத நோட்டீஸ், ஜூனில் வகுப்பு. நாட்களே போதாது. மீதி நாளுக்குப் பணம் கட்டி விலக உன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இடம் இருக்கிறதா, எவ்வளவு ஆகும் என்று இன்றே எடுத்துப் படி. கல்லூரிக்குப் பணம் கட்டுகிற அன்றைக்கு மேனேஜரிடம் சொல்லிவிடு. சேரும்போது ரிலீவிங் லெட்டர் கேட்பார்கள், அது முறையாக வர வேண்டும். பிறகு ஐ.ஐ.எம். கூப்பிட்டாலும் அதே ராஜினாமாதானே.

கடைசியாக அப்பா. எஃப்.டி.யை உடைக்க விடாதே. முதல் தவணைக்கு மட்டும் பணம் வேண்டுமென்றால், எஃப்.டி. மேலேயே அதே பேங்கில் கடன் வாங்கலாம். டெபாசிட் வட்டியைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும், பணம் திரும்பி வந்தால் அடைத்துவிடலாம். மீதிக்குக் கல்விக் கடன். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், 860 தரமான கல்வி நிறுவனங்களோடு தொடங்கிய பட்டியலில் உன் கல்லூரி இருந்தால், அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். பட்டியலில் இல்லை என்றால் அதுவும் உனக்கு ஒரு தகவல்தான். 20 லட்சத்தை 10 சதவிகித வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க, மாதம் சுமார் 26,400 ரூபாய் ஆகும். படிக்கிற காலத்து வட்டி தனி. சீனியர் சொன்ன நடு ஆளின் சம்பளத்துக்குப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதிப் பார்.

எழுதிய தாளோடு அப்பாவிடம் போய் உட்கார். எஃப்.டி.யை உடைக்க வேண்டாம் என்பதை அவர் உன் வாயால் கேட்க வேண்டும். பிவண்டி ஸ்டிக்கர் விஷயத்தையும் சொல். ரயில்வேயில் இருந்தவர், மழையில் சரக்கு நனைந்த கதை அவரிடமும் நாலு இருக்கும்.