மாஸ்கோவில் குளிரை விட வெயில்தான் கவலை

கேள்வி: டாக்டர், எங்களுக்கு ஊர் உசிலம்பட்டி பக்கம். கணவர் ராணுவத்தில் ஹவில்தார் கிளார்க். மாஸ்கோ இந்தியத் தூதரகத்தின் ராணுவப் பிரிவில் போஸ்டிங் வந்து, அவர் முன்னாடியே போய்விட்டார். நானும் பிள்ளைகளும் அக்டோபர் கடைசியில் போகிறோம். மகளுக்கு ஐந்தரை வயது, 17 கிலோ. மகனுக்கு 11 மாதம், 9 கிலோ, தாய்ப்பால் குடிக்கிறான். பனிக்காலத்தில் பச்சப்பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது என்கிறார் மாமியார். அப்பா போனதிலிருந்து மகள் ராத்திரியில் படுக்கையை நனைக்கிறாள். என்ன ஏற்பாடு செய்துகொண்டு போகவேண்டும்?

பதில்: மார்கழிப் பனிக்கே குழந்தைக்குக் குல்லா மாட்டும் ஊர் நம்முடையது. மாமியார் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் மாஸ்கோவில் வீடு, பள்ளி, கடை எல்லாவற்றுக்குள்ளும் சூடு இருக்கும். வெளியே இருக்கும் குளிரைத் துணியால் சமாளித்துவிடலாம். துணியால் சமாளிக்க முடியாதது, வெயில் இல்லாமைதான்.

டிசம்பரில் அங்கே சூரியன் காலை 9 மணி வாக்கில் உதித்து மாலை 4 மணிக்கெல்லாம் மறைந்துவிடும். அந்த நேரத்திலும் வெயில் சாய்வாக விழுவதால் தோலில் வைட்டமின் டி உற்பத்தி ஆகாது. நம் போன்ற கருத்த தோலுக்கு ஏற்கனவே கூடுதல் வெயில் வேண்டும். ஆகவே மகனுக்கு ஒரு வயது முடியும்வரை தினம் 400 யூனிட், அதன்பின் 600. மகளுக்கு 600. தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு என்பதால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. இங்கே கிடைக்கும் சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 400 அல்லது 800 யூனிட் இருக்கும். மாஸ்கோ மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு வகையில் ஒரு சொட்டிலேயே 500 யூனிட், 1 மில்லியில் 15,000. ஊர்ப் பழக்கத்தில் ‘ஒரு மில்லி’ என்று ஊற்றினால் ஒரு மாத அளவு ஒரே நாளில் போய்விடும். சொட்டா, மில்லியா, எத்தனை யூனிட் என்று பாட்டிலைப் படித்த பிறகே கொடுங்கள். பெரியவர்களுக்கு எழுதித்தரும் 60,000 யூனிட் பொடியைக் குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கவே வேண்டாம்.

காய்ச்சல் மருந்திலும் இதே குழப்பம்தான். பாராசிட்டமால் அளவு ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. உங்கள் மகனுக்கு ஒரு வேளைக்கு 135 மில்லிகிராம். 1 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்தானால் 1.3 மில்லி, 5 மில்லியில் 120 உள்ள சிரப்பானால் ஐந்தரை மில்லி, 250 உள்ளதானால் 2.7 மில்லி. மகளுக்கு 250 சிரப்பில் 5 மில்லி, 120 சிரப்பில் பத்தரை. இரண்டு வகையை ஒரே வீட்டில் வைத்திருக்காதீர்கள். அங்கே தெர்மாமீட்டர் செல்சியஸில் காட்டும். 38 என்றால் நம் கணக்கில் 100.4, 39 என்றால் 102.2. ஆம்புலன்ஸ் எண் 103. 112-ம் வேலை செய்யும்.

தடுப்பூசியை இந்த வாரமே தொடங்குங்கள். அரசு அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா உண்டு. பொன்னுக்குவீங்கி, சின்னம்மை, இன்ஃபுளூயன்சா கிடையாது. இவற்றைக் குழந்தை மருத்துவரிடம் தனியாகப் போட வேண்டும். இன்ஃபுளூயன்சா ஊசி இருவருக்கும் முதல்முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு டோஸ். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். மகனுக்கு 12 மாதம் முடிந்ததும் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி), சின்னம்மை இரண்டையும் ஒரே நாளில் போட்டுவிடலாம். வேறு வேறு நாளானால் 28 நாள் இடைவெளி வேண்டும். மகளுக்கு 5 வயது டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி) பூஸ்டர் போட்டாயிற்றா என்று பாருங்கள், பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் அடிக்கடி விட்டுப்போவது அதுதான். சின்னம்மை இரண்டாவது டோஸ் மூன்று மாதம் கழித்து. மகனுக்கு 16 மாதத்துக்கு மேல் வரும் பூஸ்டர்கள் அங்கேதான் போட வேண்டியிருக்கும்.

தாய் சேய் நல அட்டையை மட்டும் எடுத்துப்போனால் போதாது. கையெழுத்து தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் கிறுக்கியிருக்கும். ஊசியின் பெயர், போட்ட தேதி, அடுத்து வர வேண்டிய தேதி மூன்றையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, மருத்துவர் முத்திரையோடு இரண்டு பிரதி வாங்குங்கள். அரசு ஊசிகளுக்கு யு-வின் எனும் அரசு இணையப் பதிவின் சான்றிதழும் இருந்தால் நல்லது. பிசிஜி எனும் காசநோய்த் தடுப்பூசி போட்ட தேதியும் தழும்பு இருப்பதும் அதில் கட்டாயம் இருக்கட்டும். ரஷ்யாவில் பிள்ளைகளுக்கு வருடா வருடம் மாண்டூ எனும் காசநோய்த் தோல் சோதனை செய்வது வழக்கம். பிசிஜி போட்ட பிள்ளைக்கு அது கொஞ்சம் தடிக்கலாம். விவரம் தெரியாவிட்டால் தேவையில்லாத அலைச்சல்.

புறப்படுமுன் இருவருக்கும் ஹீமோகுளோபின் பாருங்கள். மகனுக்கு 11-க்குக் கீழே போகக்கூடாது. மகளின் வயதுக்கு 11.5 இருக்க வேண்டும். பூச்சி மருந்து அல்பெண்டசோல் மகளுக்கு 400 மில்லிகிராம், மகனுக்கு ஒரு வயது முடிந்ததும் 200.

இப்போது உடுப்பு. ஒரே கனத்த ஜாக்கெட்டை விட மூன்று அடுக்காகப் போடுவது நல்லது: உடம்போடு ஒட்டிய மெல்லிய துணி, நடுவில் கம்பளி, வெளியே காற்றும் ஈரமும் புகாத சூட். கையைத் தொட்டுப் பார்த்து ‘ஜில்லுன்னு இருக்கே’ என்று இன்னொன்றைப் போட்டுவிடாதீர்கள். பிடரியைத் தொடுங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் சரி, வியர்த்திருந்தால் அதிகம். உள்ளே வந்தவுடன் மேல் அடுக்குகளைக் கழற்ற வேண்டும். கார் சீட்டில் கனத்த ஜாக்கெட்டோடு பெல்ட் போட்டால் பிடிப்பு இருக்காது. கழற்றிவிட்டு மேலே போர்த்துங்கள்.

வீட்டுக்குள் ஹீட்டர் காற்றை உலர்த்துவதால் தோல் வெடிக்கும், மூக்கில் ரத்தம் கசியும். ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான குளியல், துடைத்த ஈரம் காய்வதற்குள் எண்ணெய். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். சாம்பிராணி மட்டும் வேண்டாம். நம் ஓட்டு வீட்டில் புகை வெளியேறிவிடும். சன்னல் அடைத்த ஃபிளாட்டில் அது பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகும். உரைமருந்தையும் ஊரோடு விடுங்கள். தூங்க வைக்க ஜாதிக்காய் உரசுவது எங்கே இருந்தாலும் கூடாது.

மகளின் படுக்கை விஷயம். அப்பா கண்ணுக்கு முன்னால் இல்லாதபோது இந்த வயதில் இப்படி ஆவது சகஜம். ஆனாலும் மனசு என்று முடிவு கட்டுமுன் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்யுங்கள். எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் உடனே. அடிக்கடி தண்ணீர் குடித்து, எடையும் குறைகிறாள் என்றால் அன்றைக்கே சர்க்கரையும் பார்க்க வேண்டும். அடுத்து மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி நனைக்க வைக்கும். பாலை நாளுக்கு 400 மில்லிக்குள் நிறுத்துங்கள். ரொட்டியும் பாலுமாக ஓட்டும் வீட்டில் மலச்சிக்கலும் ரத்தசோகையும் சேர்ந்தே வரும். திட்டவோ, அப்பத்தா முன்னால் சொல்லிக்காட்டவோ வேண்டாம். படுக்குமுன் ஒரு தடவை கழிவறை, மெத்தைக்கு ரப்பர் ஷீட், அவ்வளவுதான். அப்பாவோடு வீடியோ கால் தினம் ஒரே நேரத்தில் இருக்கட்டும்.

மாஸ்கோ நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். ஒன்பது மணிக்குத் தூங்குகிறவள் அங்கே மாலை ஆறரைக்கே சரிவாள், விடியுமுன் மூன்றரைக்கு எழுந்து உட்காருவாள். புறப்படுவதற்கு ஐந்து நாள் முன்பிருந்தே தினம் அரைமணி தள்ளிப் படுக்க வையுங்கள். விமானம் இறங்கும்போது மகனுக்குப் பால் கொடுங்கள், காதுவலி குறையும்.

மாஸ்கோவில் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. முதல் வகுப்புக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும். முதல் பனிக்காலத்தில் மாதம் ஒரு சளி வந்தாலும் அது நோய் எதிர்ப்புக் குறைவல்ல. வேகமாக மூச்சு வாங்குவது, விலா உள்ளிழுப்பது, பால் மறுப்பது, எட்டு மணி நேரம் சிறுநீர் போகாதது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். இருமலுக்குத் தேன் ஒரு வயது முடியும்வரை தரக்கூடாது.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. பாலூட்டுகிறீர்கள், துணைக்கு மாமியாரும் இருக்க மாட்டார், நான்கு மணிக்கே இருட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாக வந்தால் கணவரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். வைட்டமின் டி உங்களுக்கும் வேண்டும். அளவை இங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அட்டையை எடுத்துக்கொண்டு இந்தப் புதனே போய், எது பாக்கி என்று நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டு, மற்ற ஊசிகளுக்குக் குழந்தை மருத்துவரிடம் வாருங்கள்.