கண்ணாடிக்குப் பக்கத்தில் எந்தப் படம்?

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாகக் கைபேசியில் படம் எடுக்கிறேன். டபரா விளிம்பில் ஒட்டிய காபி நுரை, மழையில் பாதி கரைந்த கோலம், செய்தித்தாள் மேல் அப்பா கழற்றி வைத்த மூக்குக் கண்ணாடி, இப்படித்தான் எல்லாமே. இரண்டாயிரத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. "இதெல்லாம் ஒரு படமா?" என்கிறார் கணவர். இன்ஸ்டாகிராமில் பார்த்தால் எல்லோரும் இதையேதான் எடுக்கிறார்கள். அழகாக இருக்கிறது, அதற்கு மேல் இதில் ஏதாவது உண்டா?

ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

கணவர் கேட்டதை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நுரையில் வெயில் பட்டால் யார் எடுத்தாலும் அழகாகத்தான் விழும். அதற்கு மேல் என்ன என்று எனக்குக் காட்டியவர் ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் ரின்கோ கவாவுச்சி.

2001இல் ஒரே சமயத்தில் அவருடைய மூன்று புத்தகங்கள் வந்தன. ஒன்றின் பெயர் 'உத்தத்தனே', அதாவது கண்ணயர்வது, குட்டித் தூக்கம். பொரியும் முட்டை, சோப்புக் குமிழி போன்ற சதுரப் படங்கள். தனியாக ஒன்றை எடுத்துப் பார்த்தால் நீங்கள் எடுப்பது போலத்தான் இருக்கும். ஆனால் எதிரெதிர்ப் பக்கங்களில் அவர் எதை எதோடு சேர்க்கிறார் என்று பாருங்கள். மென்மையான வெளிச்சத்துக்கு நடுவே சாவும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அப்புறம் அந்த முட்டையை முன்பு போலப் பார்க்க முடிவதில்லை.

2005இல் வந்த 'க்வி க்வி' எனக்கு இன்னும் நெருக்கம். பிரெஞ்சில் அது குருவி கத்தும் சத்தம். பதின்மூன்று வருடம் தன் வீட்டாரையே எடுத்த படங்கள். சாப்பாடு, தாத்தா, பாட்டி, சாதாரண நாட்கள். ஓரிடத்தில் தாத்தா இறக்கிறார். பின்னால் ஒரு குழந்தை பிறக்கிறது. சாவுக்கு முந்தைய பக்கங்களுக்குத் திரும்பிப் போனால், அந்த வெறும் சாப்பாட்டு மேசையே கனக்கிறது.

நம் நாட்டில் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கும் இந்த வழியில்தான் வேலை செய்கிறார். 2013இல் வந்த அவருடைய 'ஃபைல் ரூம்' முழுக்கக் காகிதக் கட்டுகளும் ஆவண அறைகளும்தான். தாலுகா அலுவலகத்தில் துணியில் முடிந்த கட்டுகளை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், அந்தப் புத்தகத்துக்குப் பிறகுதான் நின்று பார்த்தேன். தன் படங்களை மரச் சட்டங்களில் வைத்து, அவற்றை 'மியூசியம்' என்கிறார். வேண்டும்போது வரிசையை மாற்றிக்கொள்ளலாம். 2022இல் புகைப்படக் கலைக்கான ஹாசல்பிளாட் விருது வாங்கிய பெரிய கலைஞர், ஒரு படம் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார்.

சரி, உங்கள் படங்களுக்கு வருகிறேன். அப்பாவின் கண்ணாடியைப் பற்றி எழுதினீர்கள், அப்பாவைப் பற்றி எழுதவில்லை. கரைந்த கோலத்தை அதன் பக்கத்தில் வைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. டபராவை வைத்தால், காபி குடிக்க எழுந்து போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று தோன்றுகிறது. மூன்றுமே நீங்கள் ஏற்கெனவே எடுத்தவை.

இப்போதைக்குப் புதிதாக எடுக்க வேண்டாம். ஐம்பது படங்களை மட்டும் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டுக் கூடத்துத் தரையில் பரப்புங்கள். ஒரு வாரம் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் கடைசியாக எது நின்றது என்று எனக்கு எழுதுங்கள்.