மாடித்தோட்டம்: சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும்

வாசகர் கேள்வி - பதில்

வெயில், உப்புத்தண்ணீர், புயல், உறைபனி என்று வானிலை படுத்தும் பாட்டைப் பற்றிய கேள்விகளுக்கே பெரும்பாலும் இந்த இதழில் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கே: ஜனவரி கடைசியில் நட்ட தக்காளி இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது. ஏப்ரலில் கொத்துக்கொத்தாகப் பூக்கிறது, ஆனால் எல்லாம் காம்போடு உதிர்ந்துவிடுகிறது. மீன் அமிலம், பஞ்சகவ்யா எல்லாம் கொடுத்தாயிற்று. என்ன சத்துக் குறைவு?
— ஒரு வாசகி, வேலூர்

ப: குறை சத்தில் இல்லை, நட்ட தேதியில் இருக்கிறது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளி மகரந்தம் வீரியம் இழந்துவிடும். கருவுறாத பூவைச் செடியே கழற்றிவிடும். உதிர்ந்த பூ ஒன்றை எடுத்துப் பாருங்கள். காம்பின் நடுவில் முட்டி போல் புடைத்த இடம் இருக்கும். அந்த இடத்தில் அறுத்தாற்போல் பிரிந்திருந்தால் பூச்சி கடித்ததல்ல, செடி தானாக உதிர்த்தது. வேலூரில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சாதாரணம். பகலைவிட இரவுதான் மாடியில் மோசம். தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை விட்டுக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் பஞ்சகவ்யா ஊற்ற ஊற்ற இலைதான் தழைக்கும், காய் பிடிக்காது. ஊற்றுவதை நிறுத்துங்கள்.

இப்போது செய்யக்கூடியது செடியை உயிரோடு வைத்திருப்பது மட்டும்தான். 35 சதவீத நிழல்வலையை ஏழடி உயரத்தில் கட்டுங்கள். கடையில் 50 சதவீதம்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அது கீரைக்குச் சரி, காய்க்கும் செடிக்கு அதிகம். தண்டு நெடுநெடுவென்று போகும். தலைக்கு மேல் கட்டுவதோடு மேற்குப் பக்கமும் ஒரு திரை தொங்கவிடுங்கள். செடியை வாட்டுவது பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிச் சாய்வெயில். கறுப்புத் தொட்டி, கறுப்புப் பை என்றால் சுற்றிலும் சாக்கு கட்டி, தளத்தில் படாமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலை, கரும்புச் சோகை, தென்னை மட்டை நார் என எது கிடைக்கிறதோ அதைப் பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் அடித்தண்டு அழுகும்.

12க்கு 12 அங்குலப் பை சுமார் 20 லிட்டர் கலவை பிடிக்கும். அதில் வளர்ந்த தக்காளி ஒன்று மே மாதத்தில் நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். காலை ஏழு மணிக்குள் பெரும்பங்கும், மாலையில் மீதியும் கொடுங்கள். மதியம் இலை துவண்டாலும் மண்ணில் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், சாயங்காலம் தானே நிமிரும். வெயிலில் கிடந்த குழாயில் தேங்கிய தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் வரும். அதை வாளியில் பிடித்து ஆறவைத்துவிட்டு, அடுத்து வருவதை வேருக்கு விடுங்கள்.

இலைச்சுருட்டை வைரஸ் நோய் வராத செடியென்றால் ஜூன் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்யுங்கள். வெயில் தணிந்ததும் புதுத்தளிரில் பூத்துக் காய்க்கும். சுருட்டை வந்த செடிக்கு இந்தச் சலுகை வேண்டாம், பிடுங்கிவிடுங்கள். அடுத்த விதைப்பை ஜூன் கடைசியில் குழித்தட்டில் (சிறு குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) போட்டு, 25 நாள் நாற்றை ஆடியில் நடலாம். இன்னொரு முறை நவம்பரில் விதைத்தால் பிப்ரவரி நடுவிலிருந்து காய் எடுக்கலாம். பெரியகுளத்திலிருந்து வெளியான பி.கே.எம். 1 நம் வெயிலுக்குப் பழகிய ரகம். ஆனாலும் அக்னி நட்சத்திரத்தில் அதுவும் பூவை உதிர்க்கத்தான் செய்யும்.

சித்திரையில் மாடி காலியாகக் கிடக்க வேண்டியதில்லை. வெண்டை, கொத்தவரை, காராமணி, தண்டுக்கீரை ஆகியவை அந்த வெயிலிலும் வரும்.

கே: தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறது. முட்டை ஓடு போட்டும் நிற்கவில்லை.
— ஒரு வாசகர், திருச்சி

ப: காய் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது இது. மண்ணில் கால்சியம் இருந்தாலும் அதைக் கொண்டுபோவது தண்ணீர்தான். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டினால் ஓட்டம் அறுந்துவிடும். முட்டை ஓடு கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. கறுத்த காயைக் கிள்ளிப் போட்டுவிட்டு, தினமும் ஒரே அளவு தண்ணீர் கொடுங்கள். யூரியா போட்டிருந்தால் நிறுத்துங்கள். அடுத்த கொத்து நன்றாக வரும்.

கே: எங்கள் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். அவரைச் செடி இலைகளின் ஓரம் கருகுகிறது; பையின் மேல் வெள்ளை பூத்திருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைப் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகி, நாகப்பட்டினம்

ப: கூடவே கூடாது. ஆர்.ஓ. வடிகட்டி ஒதுக்கிய உப்பு முழுவதும் சேர்ந்து வருவதுதான் அந்தக் கழிவுநீர். உங்கள் போர்த் தண்ணீரைவிட அது காட்டமானது. அதற்கு மாறாக, ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பே இராது. வாளி வைத்துப் பிடியுங்கள்.

வெள்ளைப் படலத்தை ஒரு அங்குல மண்ணோடு சுரண்டி எடுத்துவிடுங்கள். பிறகு பையைக் கழுவ வேண்டும். 20 லிட்டர் பைக்கு 40 லிட்டர் நல்ல தண்ணீரை நாலைந்து தவணையாக ஊற்றி அடியில் வடியவிட வேண்டும். மழைநாளில் செய்தால் செலவில்லை. உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் தினமும் 'கொஞ்சம் கொஞ்சமாக' ஊற்றுவதுதான் பெரிய கெடுதல். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு தங்கிவிடும். ஊற்றும்போது அடித்துளையில் சிறிதாவது வடிகிற அளவுக்கு ஊற்றுங்கள். வடிந்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

தென்னைநார்க் கழிவுக் கட்டியையும் சந்தேகியுங்கள். கழுவாத கட்டியில் ஏற்கெனவே உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி, மூன்று தடவை செய்த பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். பீன்ஸ், அவரை வகைகளும் எலுமிச்சையும் உப்பைத் தாங்குவதில் பலவீனமானவை. பாலக், பீட்ரூட் ஓரளவு தாங்கும். பழமரம் ஆசை என்றால் சப்போட்டா வையுங்கள், கடலோரத்தில் அதுதான் நம்பகமானது.

கே: நான்காவது மாடியில் சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கிறது. பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி விழுகிறது. காலையில் தூரிகையால் மகரந்தம் தடவியும் பயனில்லை.
— ஒரு வாசகர், கோவை

ப: நேரம் தப்பு. சுரையின் வெள்ளைப் பூ அந்திசாயும் நேரத்தில் விரியும், காலையில் வதங்கிவிடும். பீர்க்கும் மாலையில் மலர்வதே. பாகலும் பூசணியும் காலைப் பூக்கள். எல்லாக் கொடிக்கும் காலையில் தூரிகையோடு போனால் சுரையிலும் பீர்க்கிலும் ஏமாற்றம்தான். சுரைப்பூவைத் தேடி வருபவை இரவில் பறக்கும் அந்துப்பூச்சிகள். விளக்கும் உயரமும் உள்ள மாடிக்கு அவை சரியாக வருவதில்லை.

மாலை ஆறு ஆறரைக்குப் போங்கள். நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண்பூ. குட்டிச் சுரை போன்ற பிஞ்சின் தலையில் இருப்பது பெண்பூ. ஆண்பூவைப் பறித்து, இதழைப் பின்னால் மடக்கிவிட்டு, நடுவிலுள்ள மஞ்சள் தண்டைப் பெண்பூவின் நடுவே மூன்று பிரிவாக இருக்கும் சூல்முடியில் மெதுவாகச் சுற்றித் தடவுங்கள். ஒரு ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும். தூரிகை தேவையில்லை. பெண்பூவின் காம்பில் ஒரு நூல் கட்டிவையுங்கள். கருவுற்றிருந்தால் ஓரிரு நாளில் பிஞ்சு பளபளத்துப் பருக்கத் தொடங்கும்.

இதையெல்லாம் செய்யும் முன்னால், விழுந்த பிஞ்சு ஒன்றைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால், அல்லது தோலில் ஊசி குத்திய புள்ளியும் பிசினும் இருந்தால், அது பழ ஈ. அதற்கு 'கியூ லூர்' என்ற, ஈயை ஈர்க்கும் மருந்து வைத்த பொறி வைக்க வேண்டும். மா, கொய்யாவுக்கு விற்கும் மெத்தில் யூஜினால் பொறிக்குக் கொடிக்காய் ஈ வராது. கேட்டு வாங்குங்கள். விழுந்த பிஞ்சைக் குப்பையில் போடாமல் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் வையுங்கள். புழு அதற்குள்ளேயே செத்துவிடும்.

கே: பப்பாளியிலும் செம்பருத்தியிலும் கோடை வந்தால் மாவுப்பூச்சி அப்பிக்கொள்கிறது. கடுமையான மருந்து ஏதாவது சொல்லுங்கள்.
— ஒரு வாசகர், ஈரோடு

ப: கடுமையான மருந்து வேண்டாம் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதலில் தென்பட்டது 2008இல், கோவையில். மருந்தடித்து அடங்காத அந்தப் பூச்சியை 2010இல் வெளிநாட்டிலிருந்து தருவித்து விடப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிதான் கட்டுக்குள் கொண்டுவந்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக்குச் சிறியது அது. நீங்கள் அடிக்கும் விஷத்தில் முதலில் சாவதும் அதுதான்.

குழாயின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி, வேகமான பீச்சலில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை இப்படிச் செய்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய வேண்டி கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். சூரியன் இறங்கிய பிறகே தெளிக்க வேண்டும், வெயிலில் எண்ணெய் பட்ட இலை வெந்துபோகும். எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக அதை எதிரிகளிடமிருந்து காப்பதே எறும்புதான். தண்டில் ஒரு துணிப்பட்டை சுற்றி அதன்மேல் கிரீஸ் தடவினால் வழி அடைபடும்.

கே: ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்றுகள் அடியில் இற்றுச் சாய்கின்றன. புயல் எச்சரிக்கை வந்தால் மாடியில் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகி, கடலூர்

ப: நாற்று சாய்வது மண்ணிலுள்ள பூஞ்சணத்தால். நெருக்கமான விதைப்பும் எப்போதும் ஈரமான மேல்மண்ணும் அதற்கு விருந்து. மழைக்காலத்தில் பாத்தியில் தூவாமல், கழுவிய தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் நிரப்பிய குழித்தட்டில் குழிக்கு ஒரு விதை போடுங்கள். சூடோமோனாஸ் (பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியா) தூள் லிட்டருக்கு 10 கிராம் கரைத்து, விதைத்த அன்றும் பத்து நாள் கழித்தும் ஊற்றலாம். தட்டுக்கு மேல் கண்ணாடித்தாள் கூரை வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். நாலு பக்கமும் மூடினால் வியர்த்து அழுகும்.

புயலுக்கு முன் முதலில் நிழல்வலையை அவிழ்த்துவிடுங்கள். விரித்த வலை பாய்மரம் மாதிரி காற்றை வாங்கிக்கொண்டு கம்பியோடு பிடுங்கும். உயரமான தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரோரமாகப் படுக்கவைத்துவிடலாம், இரண்டு நாளில் செடிக்கு ஒன்றும் ஆகாது. சுவர் மேல் ஒரு தொட்டிகூட இருக்கக் கூடாது. அடுத்தது மழைநீர்க் குழாயின் வாய். ஒரு சதுர மீட்டரில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் 100 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதி கணக்கில் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. நனைந்த 20 லிட்டர் பை ஒன்று 20 கிலோவுக்குக் குறையாது. ஆக, உதிர்ந்த இலை அடைத்த ஒரு குழாய் செடியைவிடக் கட்டடத்துக்குத்தான் ஆபத்து. குழாயின் வாய் மேல் வலைக்கூடை கவிழ்த்துவையுங்கள். கனமான டிரம்களை எப்போதும் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவரோ உத்தரமோ இருக்கும் இடத்தில் வையுங்கள்.

புயல் கடந்ததும் கடற்காற்று கொண்டுவந்த உப்பு இலையில் படிந்திருக்கும், நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பையின் அடித்துளைகளைக் குச்சியால் குத்தித் திறங்கள். ஒரு வாரத்துக்கு உரம் வேண்டாம். மூச்சுத்திணறிய வேர் அதை எடுக்காது.

கே: டிரம்மில் வைத்த மாதுளை, பழுக்கும் நேரத்தில் வெடிக்கிறது.
— ஒரு வாசகர், மதுரை

ப: காய்ந்திருந்த டிரம்மில் திடீரென்று மழையோ தாராளத் தண்ணீரோ விழுந்தால் உள்முத்துகள் பருக்கும், இறுகிப்போன தோல் விரியாது. காய் எலுமிச்சை அளவு வந்ததிலிருந்து ஈரம் ஒரே சீராக இருக்கட்டும். போரான் குறைந்தாலும் வெடிக்கும். போராக்ஸ் லிட்டருக்கு ஒரு கிராம், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை தெளிக்கலாம். அளவு கூடினால் இலை கருகும்.

கே: மிளகாய் இலை சுருள்கிறது. வைரஸ் என்கிறார்கள்.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

ப: எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள். படகு போல மேல்நோக்கி மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு நீண்டால் மஞ்சள் சிலந்தி எனும் நுண்ணிய சாறுண்ணி. இலைப்பேனுக்கு மேலே சொன்ன வேப்பெண்ணெய். சிலந்திக்கு நனையும் கந்தகத் தூள் லிட்டருக்கு 2 கிராம். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது, 35 டிகிரி வெயிலிலும் கூடாது.

கே: ஊட்டியில் டிசம்பர் உறைபனியில் பீன்ஸ் முழுவதும் ஒரே இரவில் கருகிவிட்டது. கேரட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.
— ஒரு வாசகர், உதகமண்டலம்

ப: கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் குளிரில் பிறந்த பயிர்கள். பீன்ஸ், உருளை, தக்காளி உறைபனியைத் தாங்காது. மேகமில்லாத, காற்றசையாத இரவுதான் ஆபத்தானது. அப்படிப்பட்ட நாளில் பகலிலேயே மண்ணுக்குத் தண்ணீர் காட்டுங்கள். ஈரமண் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் விடும். சூரியன் மறையும் முன் வளைகுச்சி நட்டு, இலையில் படாமல், தரையைத் தொடும்படி சாக்கையோ பாலித்தீனையோ போர்த்துங்கள். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். எலுமிச்சை போன்ற பழச்செடியில் கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள். அது கீழுள்ள மொட்டுக்கு அடுத்த பனியில் போர்வையாக இருக்கும். பிப்ரவரி கடைசியில் பனி ஓய்ந்து, தளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு அதற்கு மேலே வெட்டுங்கள். பீன்ஸையும் அதற்குப் பிறகே விதையுங்கள்.