கண் கேமராவில் விழுந்த திருநீறு

(கையில் பிடித்து விழித்திரையைப் படமெடுக்கும் கருவிகளை வடிவமைப்பதுதான் பதினான்கு வருடமாக என் பிழைப்பு. அதைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் நான்குக்கு இந்த இதழில் பதில்.)

செல்போன் டார்ச்சைப் போட்டு என் ஆச்சியின் கண்ணைப் படமெடுத்தால் கறுப்பு வட்டமும், அதில் ஒரு வெள்ளைப் பளபளப்பும்தான் வருகிறது. உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் தெரிய எந்த கேமரா வாங்க வேண்டும்? காலேஜ் புராஜெக்டுக்காகக் கேட்கிறேன்.
– இறுதியாண்டு மாணவி, தென்காசி

கேமராவை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை, அம்மா. பூட்டிய இருட்டறையைச் சாவித்துவாரம் வழியாகப் பார்க்கிற வேலை இது. எட்டிப் பார்க்கவும் அந்த ஒரு துவாரம், விளக்கடிக்கவும் அதே துவாரம். கண்ணுக்குள் போய்த் திரும்புகிற வெளிச்சம் பெரும்பாலும் வந்த வழியேதான் வெளியே வரும். அந்த வழியில் இருப்பது உங்கள் டார்ச். லென்ஸ் அரை விரல் தள்ளி இருக்கிறது. கண் பாப்பா (நடுவில் இருக்கும் அந்தத் துவாரம்) கறுப்பாகத் தெரிவது அதனால்தான். 1851-இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ், சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால் விளக்கின் பாதையையும் தன் பார்வையையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்தார். மருத்துவர்கள் உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்க்கத் தொடங்கியது அதற்குப் பிறகு.

பாதை ஒன்றானதும் அடுத்த தலைவலி, நீங்கள் சொன்ன வெள்ளைப் பளபளப்பு. கருவிழியின் (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிந்த படலம், கார்னியா) முன்பக்கம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ இரண்டரை சதவீதத்தைத் திருப்பி அடிக்கிறது. கேட்க அற்பம்தான். ஆனால் விழித்திரையைத் தொட்டுவிட்டுப் பாப்பா வழியாக வெளியே வருவது அதைவிடப் பல மடங்கு குறைவு. நம் ஊர்க் கண்களில் உள்ளே நிறமி வேறு அதிகம், இன்னும் இருட்டு. வெளிநாட்டுக் கண்களை வைத்து அளவெடுத்த விளக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து, படம் மங்கலாக வந்து விழித்த அனுபவம் எனக்கு உண்டு.

இதற்கு வழி சொன்னவர் ஸ்வீடனின் குல்ஸ்ட்ராண்ட்; 1911-இல் மருத்துவ நோபல் வாங்கியவர். பாப்பாவைப் பாகம் பிரி என்றார். வெளி வளையம் வெளிச்சம் உள்ளே போக. நடுப்பகுதி படம் வெளியே வர. கருவிழியிலும் கண் லென்ஸிலும் இந்த இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படவே கூடாது. நாலு மில்லிமீட்டர் பாப்பாவுக்குள் இந்தப் பாகப்பிரிவினையைச் சண்டையில்லாமல் முடித்து வைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஆச்சியை விட்டுவிடுங்கள், பாவம். 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்து ஒன்றை இரண்டாக வெட்டுங்கள். ஒரு பாதியின் உட்புறம் சிவப்புப் பேனாவால் ரத்தக் குழாய்களை வரையுங்கள். மறுபாதியில் ஆறு மி.மீ. துளை போட்டு, அதன்மேல் 25 டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) குவி லென்ஸை ஒட்டி, பந்தை மூடுங்கள். லென்ஸின் குவியத் தூரமும் 40 மி.மீ. என்பதால் நீங்கள் வரைந்தது சரியாகக் குவியத்தில் விழும். கண் தயார். அதுவும் உங்கள் டார்ச்சைக் கண்டதும் பளபளக்கும். அந்தப் பளபளப்போடு மல்லுக்கட்டி ஜெயித்த பிறகு மனிதக் கண்ணைப் பற்றி உங்கள் பேராசிரியரிடம் பேசுங்கள். 2017-இல் அமெரிக்காவில் ஷென், முகாய் என்ற இரண்டு மருத்துவர்கள் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி, 20 டயாப்டர் லென்ஸ், அகச்சிவப்பும் வெள்ளையும் தரும் ஒரு எல்.இ.டி. ஆகியவற்றை வைத்தே சுமார் 185 டாலரில் ஒரு கேமராவைச் செய்து, செய்முறையையும் கட்டுரையாக வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் புராஜெக்டுக்கு அது நல்ல தொடக்கம்.

சர்க்கரை நோய் முகாமில் சொட்டு மருந்து விடாமலே படமெடுத்தார்கள். வலது கண் நன்றாக வந்ததாம். இடது கண் இருட்டு என்று சொல்லி என்னைப் பத்து நிமிடம் ஓரமாக உட்கார வைத்தார்கள். கருவி கோளாறா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

கோளாறில்லை ஐயா. குறிபார்ப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தில். அதற்குப் பாப்பா சுருங்காது. படமெடுக்கும்போது மட்டும் வெள்ளைப் பளிச். பாப்பா சுருங்கத் தொடங்க நொடியில் ஐந்தில் ஒரு பங்காவது ஆகும், அதற்குள் எடுத்துவிடுவோம். ஆனால் ஒரு கண்ணில் பளிச்சென்றால் இரண்டு பாப்பாவும் சேர்ந்தே சுருங்கிவிடும். உங்களை உட்கார வைத்தது இடது பாப்பா மறுபடி விரியட்டும் என்று. வயதாக ஆக அது இருட்டிலும் முன்போல விரிவதில்லை.

கடைசி வரை இடது கண் தெளியவில்லையென்றால் அதற்கு ‘ஒன்றுமில்லை’ என்று அர்த்தமில்லை. சொட்டு மருந்து விட்டுப் பாப்பாவை விரித்துப் பார்க்கும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பார்வை மங்கலாக இருக்கும், அன்றைக்கு ஸ்கூட்டரை எடுக்காதீர்கள்.

இந்தக் கண் கேமராவை வாங்கி வைத்து, பி.பி. பார்ப்பது போல வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?
– இல்லத்தரசி, மதுரை

வேண்டாம். பி.பி. கருவி எண்ணைக் காட்டும், இது படத்தைக் காட்டும். படத்தைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். அந்தக் காசில் பல வருடத்துக்குக் கண் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

தாடையை வைக்கும் மேசை இல்லாமல் கையில் பிடித்தால் படம் ஆடாதா? என் கடைக்குப் பழைய கைக்கேமரா ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?
– கண்ணாடிக் கடைக்காரர், காரைக்குடி

ஆடும். கண்ணும் ஆடும், கையும் ஆடும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பின் போனாலே படத்தின் ஓரத்தில் பிறை போல வெளிறிய மூட்டம் வரும். கேமராவை முகத்தோடு சேர்த்துவிட்டால் ஆடினாலும் இரண்டும் சேர்ந்து ஆடுமே என்று நெற்றியில் பதிகிற ரப்பர் தாங்கி வைத்தோம். ரொம்பப் பெருமையாக இருந்தது, ஒரு கிராமத்து முகாம் வரைக்கும்.

அன்றைக்குப் பத்துப் பதினொரு மணிக்கு மேல் வந்த படங்களில் வெண்புள்ளிகள். சர்க்கரை நோயில் விழித்திரையில் கொழுப்பு கசிந்து மஞ்சள் வெள்ளையாகப் படியும். பார்க்க அதே மாதிரி. நாலு பேருக்கு மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதியாகிவிட்டது. படமெடுத்துக்கொண்டிருந்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். “சார், இவருக்கும் புள்ளி மேல இடது பக்கம், அந்தம்மாவுக்கும் மேல இடது பக்கம். வலது கண்ணு, இடது கண்ணு எல்லாத்துலயும் ஒரே இடத்துலயா வரும்?”

லென்ஸை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். திருநீறு. ரப்பர் தாங்கி, வருகிறவர் நெற்றிப் பட்டையையெல்லாம் உரசி, தூள் முன் லென்ஸில் உதிர்ந்திருந்தது. துடைத்துவிட்டு நாலு பேருக்கும் மறுபடி எடுத்தோம். மூன்று பேருக்குப் புள்ளியே இல்லை. நாலாமவருக்கு இருந்தது, வேறு இடத்தில். அவர் சீட்டை மட்டும் கிழிக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் தாங்கியைக் கன்ன எலும்புக்கு இறக்கினோம், லென்ஸைக் குழலுக்குள் ஒரு விரற்கடை உள்ளே தள்ளினோம். இரண்டு மாத வேலை.

நீங்கள் வாங்கும்போது கறுப்பு வெல்வெட் துணியைக் கேமராவுக்கு முன்னால் பிடித்து ஒரு படம் எடுங்கள். படம் கறுப்பாக வர வேண்டும். வெண்புள்ளி தெரிந்தால் லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். அப்போதும் அதே இடத்தில் நின்றால் அது கீறலோ பூஞ்சையோதான். விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள், வாங்காமல் வந்துவிடுங்கள்.